சுவரில் படாமல் கடக்கும் குண்டு

கேள்வி: நான் எழுதும் சிமுலேஷன் விளையாட்டில் துப்பாக்கிக் குண்டு சில நேரம் சுவரில் படாமலே மறுபக்கம் போய்விடுகிறது. குண்டின் இடத்தை நொடிக்கு அதிக முறை கணக்கிட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகும், ஆனால் கணினி திணறும். நொடிக்கு 60 முறை கணக்கிட்டால், நொடிக்கு 300 மீட்டர் போகும் குண்டு ஒவ்வொரு முறையும் 5 மீட்டர் தாவுகிறது. 20 செ.மீ. சுவர் அந்த இடைவெளியில் விடுபட்டுவிடும். அதைப் பிடிக்க நொடிக்கு 1,500 முறை வேண்டும். அதாவது 25 மடங்கு வேலை. ஒரு கணக்கு உரிய நேரத்தில் முடியாவிட்டால் பாக்கி சேர்ந்து விளையாட்டே உறைந்துவிடும்.

அதற்குப் பதிலாக, குண்டுக்கு மட்டும் பழைய இடத்திலிருந்து புதிய இடம்வரை ஒரு கோடு இழுத்து, அது முதலில் எதை வெட்டுகிறது என்று பாருங்கள். பந்துக்குக் கோடு போதாது, ஓரம் உரசுவது தப்பிவிடும். அதே ஆரமுள்ள கோளத்தைப் பாதை நெடுக நகர்த்திச் சோதியுங்கள். வேகமாகச் சுழலும் நீண்ட தடிக்கு இதுவும் முழுத் தீர்வல்ல. அங்கே சுவரின் மோதல் வடிவத்தை, அதாவது மோதலைச் சோதிக்க மட்டும் பயன்படும் கண்ணுக்குத் தெரியாத வடிவத்தை, தடிமனாக்குவதே மேல்.