செங்கோட்டை வீட்டு முற்றம்: அல்லிக்குளமும் கல்பாதையும்

வணக்கம் ஐயா. தென்காசியை அடுத்த செங்கோட்டையில் வீட்டின் முன்னுள்ள 20-க்கு 30 அடி இடத்தில் மாமரத்தடியில் அல்லிக்குளம், வாசல்வரை வெட்டுக்கல் (செம்பூரான் கல்) பாதை, மீதி முழுவதும் புல்தரை என்று திட்டமிட்டிருப்பதாகவும், மழைநீர் வாசற்படியில் தேங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் நீரின் போக்கைச் சரிசெய்யுங்கள். சுவரிலிருந்து தெருப்பக்கமாகப் 10 அடிக்கு 2 அங்குலமேனும் சரிவு விட்டு மண்ணைச் சமன்படுத்திய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். பாதை போட்டபின் திருத்த முனைந்தால் அத்தனையையும் பெயர்க்க நேரும்.

குளம் மாமரத்தடியில் வேண்டாம். அல்லி நன்றாகப் பூக்க நாளொன்றுக்கு 5, 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். உதிரும் இலைகளும் அழுகி நீரைக் கெடுக்கும். 2 அடி ஆழம் போதும். கப்பி மீன்களை விட்டால் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும்.

வெட்டுக்கல் அழகானதுதான்; ஆனால் நீரை உறிஞ்சும் கல்லாகையால் ஆனி, ஆடிச் சாரலில் பாசி பிடித்துவிடும். எங்கள் வீட்டுப் பாதையில் என் தாயார் பால் செம்போடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான், மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கிய கருங்கல் பலகைகளை 3 அடி அகலத்துக்குப் பதித்து, இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் புல் நட்டோம். வெட்டுக்கல்லைப் பாத்தி விளிம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மர நிழலில் புல் வெளிறிவிடும் என்பதால் அங்கே நிழல் தாங்கும் பெரணி, மருள் செடிகளை வையுங்கள். மலைக் கணவாய் வழியே வரும் காற்று மோதும் மேற்கு ஓரத்தில் இட்லிப்பூச் செடிகளை நெருக்கி நட்டால், உள்ளிருக்கும் மென்மையான செடிகள் ஒடியாமல் தப்பும்.