புது மோகமும் சொந்த முகமும்: சிறு பியர் ஆலைகள் பற்றிய கேள்வி பதில்

வெளிநாட்டுச் சிறு பியர் ஆலைகளில் நெடுங்காலம் பணியாற்றித் திருகோணமலைக்குத் திரும்பியுள்ள வடிப்பாளர் ஒருவர், ஊரவர் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

உவர்மலையிலிருந்து: ஐயா, சிறு ஆலைகள் ஏன் ஆண்டுக்கொரு புதுவகைக்குத் தாவுகின்றன?

பதில்: புதியதை முதலில் கொண்டுவருபவருக்கு உடனே பணம் கிடைக்கிறது, அந்த ஆசையில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் மோகம் வடியும் வேகத்துக்கு ஆலையின் முதலீடு ஈடுகொடுக்காது. 2017இன் இறுதியை ஒட்டி சான் பிரான்சிஸ்கோவில் புரூட் ஐ.பி.ஏ. என்றொரு வகை பிறந்தது; ஐ.பி.ஏ. என்பது ‘இந்தியா பேல் ஏல்’, ஹொப்ஸ் பூவின் கசப்பும் மணமும் மிகுந்த பியர். மோல்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், எஞ்சும் மாச்சத்தையும் சீனியாக உடைக்கும் நொதியத்தைச் சேர்த்து, இனிப்பு சற்றும் மிஞ்சாதபடி வடிப்பதே அதன் உத்தி. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பல ஆலைகள் அதை வடித்தன. வெகுவிரைவில் பெரும்பாலானவை கைவிட்டன. கடையில் வாங்கும் நொதியத்தால் எவரும் செய்யக்கூடியதாக இருந்ததால், அது எந்த ஆலைக்கும் சொந்தமாகவில்லை என்பதே என் கணிப்பு.

உப்புவெளி விடுதி உரிமையாளர்: பருவகாலத்தில் வரும் வெளிநாட்டு விருந்தினர், கலங்கலான ‘ஹேசி’ ஐ.பி.ஏ. கேட்கிறார்கள். தருவித்து வைக்கலாமா?

பதில்: இடைவிடாத குளிர் உங்களிடம் இல்லையென்றால் வேண்டாம். அந்தப் பியரின் உயிரே, நொதிக்கும்போதும் அதன் பின்னரும் அள்ளிச் சேர்க்கப்படும் ஹொப்ஸ் பூவின் வாசனைதான். ஒட்சிசனும் வெப்பமும் அதை விரைவில் அழித்துவிடும். குளிரூட்டாத லொறியில் வந்து, நம் ஊர் வெயிலில் களஞ்சியத்தில் கிடந்த கலனைத் திறந்து ஊற்றிப் பாருங்கள்: இளமஞ்சளாக இருக்கவேண்டியது சாம்பல் படர்ந்த பழுப்பாக நிற்கும், மாம்பழ வாசனை போய், நனைந்த மட்டைப்பெட்டியின் மணம் வரும்.

மாறாக, நுவரெலியாவில் வேரூன்றி இப்போது பியகமவில் வடிக்கப்படும் லயன் ஸ்டவுட் என்னும் கரும்பியரை எண்ணிப் பாருங்கள். 8.8 வீத மதுசாரமும் கருக வறுத்த மோல்ட்டும் வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஸ்டவுட் பிரித்தானியத் தீவுகளிலிருந்து வந்த வகைதான். எனினும் இன்று உலகப் பியர்வகைப் பட்டியல்களில் ‘வெப்பநாட்டு ஸ்டவுட்’ தனிவகையாக இடம்பெறுகிறது, அதற்கு எடுத்துக்காட்டாக லயன் ஸ்டவுட்டும் குறிக்கப்படுகிறது. காலநிலைக்குப் பொருந்திய ஒன்றை விடாமல் வடித்ததால் கிடைத்த மதிப்பு அது. உங்கள் விருந்தினருக்கு அதையே நல்ல கண்ணாடிக் குவளையில், அதிகம் குளிராமல் கொடுங்கள்.

நிலாவெளியிலிருந்து: அப்படியானால் புதுவகையைத் தொடவே கூடாதா?

பதில்: தொடலாம். அமெரிக்காவின் சியரா நெவாடா ஆலை 1980இல் காஸ்கேட் என்னும் ஹொப்ஸ் இனத்தின் கசப்பும் மணமும் கொண்ட பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியரை வடித்தபோது, அமெரிக்கர் பலருக்கு அந்தச் சுவை பழக்கமில்லாதது. 2018இல் அவர்களும் ஒரு ஹேசியை வெளியிட்டார்கள். ஆயினும் பேல் ஏலை அதற்காகக் கைவிடவில்லை.

சாம்பல்தீவிலிருந்து: பனங்கட்டி சேர்த்து வடித்தால் அது நம்மூர்ப் பியர் ஆகிவிடாதா?

பதில்: இந்தக் கேள்வி என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஆயினும் அவசரப்பட வேண்டாம். பனங்கட்டியில் இருப்பது பெரும்பாலும் சுக்குரோசு. நொதிக்கச் செய்யும் நுண்ணுயிரான மதுவம் (ஈஸ்ட்) அதை ஏறக்குறைய முழுதும் தின்று மதுசாரமாக்கிவிடும். ஆகவே இனிப்பு வராது, வாயில் உணரும் பியரின் அடர்த்தி மெலியும், நொதித்தல் பொங்கும் வேளையில் வாயுவோடு வாசனையும் வெளியேறும். பொங்குதல் அடங்கிய பின் சேர்த்தால் கருகலும் மண்வாசனையும் கலந்த அதன் மணம் கூடுதலாகத் தங்கும். வறுத்த மோல்ட்டோடு அது நன்கு பொருந்தும். வெளியூர் ஆலையும் நாளைக்கே பனங்கட்டி வாங்கிவிடலாம். ஆனால் எந்தத் தோப்பு, எந்தச் சீவற்காலம், எவ்வளவு காய்ச்சிய கட்டி என்று குறித்துவைத்து, ஒரே மதுவத்தைப் பேணி, ஆண்டுதோறும் வடித்துத் திருத்திவரும் உழைப்பை எவராலும் வாங்க முடியாது. அந்த அளவுக்குச் சுவை நிலைபெறும் வரை போத்தலில் திருகோணமலை என்று அச்சிட வேண்டாம்.