‘மனதில் என்ன?’ என்று கேட்காதீர்கள்

திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 17 வயது. இட்லியில் சட்னி பட்டுவிட்டால் தட்டையே ஒதுக்கிவிடுகிறாள். உடல் இளைத்துக்கொண்டே போகிறது. அனோரெக்சியா, அதாவது குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய் என்றார்கள், ஆட்டிசக் கூறுகளும் உண்டாம். மனதில் என்ன என்று கேட்டால் “தெரியாது” என்கிறாள். பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை அம்மா, அவள் சொல்வது உண்மை. தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே பிடிபடாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்தது. உணவுக் கோளாறு உள்ளவர்களிடமும் ஆட்டிசம் உள்ளவர்களிடமும் இது அதிகம். வயிற்றில் இருப்பது பசியா, பதற்றமா என்று பிரித்தறிய முடியாதவருக்குச் சாப்பாட்டைக் கட்டுக்குள் வைப்பதே பிடிமானமாகிவிடுகிறது.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் கேட் சாந்தூரியா குழுவினர் அனோரெக்சியா உள்ளவர்களுக்காக ‘கிரெஸ்ட்’ என்ற சிறு பயிற்சியை உருவாக்கினார்கள். உணர்ச்சியை அடையாளம் காண்பது, பெயரிடுவது, வெளிப்படுத்துவது ஆகியவை அதில் உண்டு. எடை கூட்டும் வைத்தியம் அல்ல; சிகிச்சையோடு சேர்ந்து வருவது.

நான் ஒரு தாளில் உடலின் உருவத்தை வரைந்து கொடுத்து, இறுக்கம் தெரியும் இடத்தைத் தீட்டச் சொல்வேன். ஒரு பெண் மூன்று வாரமும் தொண்டையை மட்டும் கறுப்பாக்கினாள். அந்தச் சமயத்தில்தான் தேர்வு அட்டவணை வந்திருந்தது. “பயமோ?” என்றேன். பென்சிலைக் கீழே வைத்தாள். “இதற்குப் பெயர்தான் பயமா?”

நீங்களும் “தொண்டை அடைக்கிறதா, வயிறு பிசைகிறதா?” என்று கேளுங்கள். ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறதா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நிஜமாகவே புளியைத் தேடுவாள். சட்னியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அது செல்லம் கொடுப்பதாகாது.

மேலூர் வாசகர்: ஆட்டிசம் உள்ள 9 வயது மகன் தயிர்சாதமும் ஒரே வகை பிஸ்கட்டும்தான் தின்கிறான். இதுவும் அனோரெக்சியாவா?

இல்லை. குண்டாகிவிடுவோம் என்ற பயம் அவனிடம் இல்லையே. மணமும் பதமும் ஒவ்வாமல் ஒதுக்குவதற்கு ‘அர்ஃபிட்’ என்ற தனிப்பெயர் 2013-இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் சேர்ந்தது. முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள்.

மதுரைக் கல்லூரி மாணவி: வெள்ளிக்கிழமை விரதம் இப்போது வாரம் முழுவதும் நீள்கிறது. ஆட்டிசம் இருக்கலாம் என்கிறார் ஆலோசகர். குழு அமர்வில் டியூப்லைட்டின் இரைச்சலே என்னை விரட்டுகிறது.

பட்டினியே மனிதரை ஒதுங்கச் செய்யும். 1944-45-இல் மினசோட்டாவில் 36 ஆண்கள் தாமாக முன்வந்து அரைப்பட்டினி கிடந்தபோது, பேச்சு குறைந்தது. உணவை வைத்துச் சடங்குகள் முளைத்தன. ஆகவே இன்றைய உங்களை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவு செய்யக்கூடாது. ஆட்டிசம் சிறு வயதிலிருந்தே இருப்பது. ஐந்து வயதில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டீர்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். தனி அமர்வும் மங்கிய விளக்கும் வேண்டும் என்று ஆலோசகரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் பயிற்சி காத்திருக்கட்டும், பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். நெடுநாள் பட்டினிக்குப் பின் ஒரேயடியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எவ்வளவு, எப்படித் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.