கனமான ஊசல் மெதுவாக ஆடுமா?

அன்புள்ள ஐயா,

ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 38 பிள்ளைகள். சென்ற வாரம் நூலும் இரும்பு நட்டுகளும் கொடுத்துக் குழு குழுவாக ஊசல் செய்யவைத்தேன். கனம் கூடினாலும் ஆடும் நேரம் மாறாது என்பது பாடம். ஆனால் ஒரு குழு, கனம் கூடக் கூட ஊசல் மெதுவாகிறது என்று எண்களோடு வந்து நின்றது. "தவறாக அளந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிச் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. வகுப்பில் ஒரே இரைச்சல் வேறு. இனி நானே மேசையில் செய்துகாட்டி, அவர்களைப் பார்க்க மட்டும் வைக்கலாமா?

ஓர் ஆசிரியை (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தக் குழுவிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அவர்கள் சரியாகத்தான் அளந்திருப்பார்கள்.

நட்டுகளை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோலத் தொங்கவிட்டிருப்பார்கள். பத்து வயதுக் கை அப்படித்தான் கட்டும். ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் அல்ல, நூல் தொங்கும் இடத்திலிருந்து கனத்தின் நடுப்பகுதி வரை உள்ள தூரம். கீழே கீழே கோத்துக்கொண்டே போனால் அந்த நடுப்பகுதி இறங்கும், ஊசல் நீண்டுவிடும். 25 செ.மீ. ஊசல் 10 முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 10 நொடி ஆகும். 30 செ.மீ. என்றால் 11 நொடி. அந்த ஒரு நொடியைப் பிடித்திருக்கிறார்கள் என்றால் கவனமாக எண்ணியிருக்கிறார்கள். கனத்தோடு நீளமும் மாறியது அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். உங்கள் கண்ணிலும் படவில்லை.

அடுத்த வகுப்பில் விடையைச் சொல்லாதீர்கள். இரண்டு குழுக்களின் ஊசல்களை அருகருகே தொங்கவிட்டு, என்ன வேறுபாடு என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை நட்டுகள் தொங்கும் விதத்தைக் கை காட்டும். பிறகு எல்லா நட்டுகளையும் ஒரே கொக்கியில் மாட்டி, அதிகம் இழுத்துவிடாமல், மறுபடி அளக்கட்டும். அளப்பதற்கு முன் என்ன ஆகும் என்பதை ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிவிட வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எழுதாத பிள்ளை, முடிவு தெரிந்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிடும். பெரியவர்களும் அப்படித்தான்.

மேசையில் செய்துகாட்டுவது பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அப்படித்தான் காட்டினார்கள். தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைந்தது, நீர் ஏறியது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தை நீர் நிரப்பியது என்றார் ஆசிரியர். நானும் பல ஆண்டுகள் அதையே பிறருக்குச் சொல்லிவந்தேன். உண்மையில், சூட்டில் விரிந்த காற்று குவளையின் விளிம்பு வழியே குமிழியிட்டு வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மீந்த காற்று குளிர்ந்து சுருங்குவதால்தான் பெரும்பாலும் நீர் ஏறுகிறது. மெழுகுவத்திகளைக் கூட்டினால் நீர் இன்னும் உயரும். குவளைக்குள் ஆக்சிஜன் கூடவில்லையே! நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து குமிழி தெரியாது.

இரைச்சல் இருக்கத்தான் செய்யும். குழுவுக்கு நான்கு பேர், ஊசலை விட ஒருவர், எண்ண ஒருவர், கடிகாரம் பார்க்க ஒருவர், எழுத ஒருவர் என்று பிரித்துவிட்டால் பாதி குறையும்.

அந்தக் குழுவின் பழைய எண்களை அழிக்கச் சொல்லாதீர்கள். புதியவற்றைப் பக்கத்திலேயே எழுதட்டும்.