பின் பிரேக் கத்துகிறது: லைனிங்கை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: ஏர் பிரேக் லாரி. பிரேக் பிடித்தால் பின்பக்கம் கீச்சென்று கத்துகிறது. பின்சக்கரங்கள் எல்லாவற்றுக்கும் லைனிங் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். தேவைதானா?

பதில்: கீச்சொலியை மட்டும் வைத்து லைனிங் (பிரேக் ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அதிகம் சூடாகி லைனிங் முகம் பளபளவென இறுகினாலும், தூசி சேர்ந்தாலும் கத்தும். கரகரவென்று இரும்பு உரசும் சத்தம் வேறு கதை. பெரும்பாலும் லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட், சக்கரத்தோடு சுழலும் டிரம்மைத் தொட்டிருக்கும். அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

முதலில் எந்தச் சக்கரம் என்று கண்டுபிடியுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து தடவை பிரேக் பிடித்து நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எல்லா டிரம்மையும் பாருங்கள். கை வைக்க வேண்டாம், சுட்டுவிடும். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே ஷூ விடுபடாமல் உரசுகிறது: ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்ட் இறுகியிருக்கலாம். ஒரு பக்கம் ஆறியே இருந்தால் அது பிரேக்கே பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் அதிகக் கவலை, ஏனென்றால் அது சத்தம் போடாது.

அப்புறம் புஷ்ராட், அதாவது ஏர் சேம்பரிலிருந்து வெளியே வந்து பிரேக்கை இயக்கும் கம்பி. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஏர் 6 முதல் 7 பார் வரை ஏறியதும் இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். சேம்பரை ஒட்டி ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, இன்னொருவரைப் பெடலை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். வழக்கமான டைப் 30 அளவுச் சேம்பரில் கோடு 2 அங்குலத்துக்கு (சுமார் 51 மி.மீ.) மேல் நகர்ந்தால் பிரேக் தளர்ந்துவிட்டது. ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஆட்டோ வகையாக இருந்தால் கையால் முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். தானாகச் சரிசெய்யும் கருவி ஏன் செய்யவில்லை என்று பாருங்கள். கேம் புஷ்ஷும் புஷ்ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளெவிஸ் பின்னும் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் ஹப் ஆயில் சீல் போய்விட்டது. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடுவது வீண். சீலை மாற்றி, அந்த ஆக்ஸிலின் இரு பக்கமும் லைனிங் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு மெக்கானிக்கிடம் ஷூவின் நடுவில் லைனிங் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். 6 மி.மீ.க்கு அருகில் வந்துவிட்டால் அவர் சொன்னது சரி. டிரம்மின் உள்விட்டத்தையும் அளக்கட்டும், உச்ச வரம்பு டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும். பிரேக் தூசியை ஏர் குழாயால் ஊதக் கூடாது, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் கிளாம்ப்பை யாரும் கழற்ற வேண்டாம். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.