கிரவுண்டில் அரசியல் பேசினால் யாரை விடுவார்கள், யாரைத் தடுப்பார்கள்? கிரிக்கெட் கேள்வி பதில்

லீக் மேட்ச்களில் பல வருடம் அம்பயராக நின்றவன் நான். ஆட்டத்துக்கு நடுவே வீரர்கள் அரசியல் கருத்தைக் காட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) விதிப்படி அரசியலே கூடாதா?

உடையிலோ மட்டையிலோ ஷூவிலோ ஒரு செய்தி இருக்க வேண்டுமென்றால் முதலில் அந்த நாட்டு போர்டு ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் ஐசிசி ஒத்துக்கொள்ள வேண்டும். அரசியல், மதம், இனம் சம்பந்தப்பட்டது என்றால் அனுமதி கிடையாது. எழுத்தில் இவ்வளவுதான். ஆனால் எது அரசியல், எது அஞ்சலி, எது மனிதநேயம் என்று தீர்மானிப்பது அவர்கள் கையில் இருக்கிறது. இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: போர்டே முன்னால் நின்று கேட்டால் அது அஞ்சலி ஆகிவிடுகிறது, ஒரு ஆள் தனியாக நின்றால் அது அரசியல் ஆகிவிடுகிறது.

கேள்வி: கவாஜா ஷூ விஷயத்தில் என்னதான் நடந்தது? கறுப்புப் பட்டை கட்டுவதெல்லாம் சாதாரணம்தானே?

2023 டிசம்பர், பெர்த்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். சுதந்திரம் மனித உரிமை, எல்லா உயிரும் சமம் என்ற பொருளில் ஷூவில் எழுதிக்கொண்டு ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் உஸ்மான் கவாஜா பயிற்சிக்கு வந்தார். காஸா போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஐசிசி விடாது என்றதும் எழுத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஆடினார், கையில் கறுப்புப் பட்டையும் கட்டினார். பட்டைக்கு முன் அனுமதி வாங்கவில்லை என்று ஐசிசி கண்டித்தது. சொந்தத் துக்கத்துக்காகக் கட்டியது என்றார் அவர். அடுத்து மெல்போர்ன் டெஸ்டுக்கு ஆலிவ் கிளையோடு ஒரு புறா படம் ஒட்டக் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. அதே அணியில் லபுஷேனின் மட்டையில் பைபிள் வசனத்தைக் குறிக்கும் கழுகு ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கும் புறாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேப்டன் கம்மின்ஸே கேட்டார். நியாயமான கேள்வி, நானும் அதையேதான் கேட்பேன்.

கேள்வி: தல தோனியின் கிளவுஸில் இருந்த சின்னத்தை எடுக்கச் சொன்னது அநியாயம் இல்லையா அண்ணா?

2019 உலகக் கோப்பை, சவுத்தாம்ப்டன், தென்னாப்பிரிக்காவோடு முதல் ஆட்டம். கிளவுஸில் பாரா சிறப்புப் படையின் பலிதான் சின்னம். தோனி அந்த பாராசூட் ரெஜிமென்டில் கௌரவ லெப்டினன்ட் கர்னல், அவருக்கு அது மனதார உள்ள பற்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்திய போர்டான பிசிசிஐ அனுமதி கேட்டும் ஐசிசி மறுத்தது. கீப்பர் கிளவுஸில் என்னென்ன லோகோ இருக்கலாம் என்பதற்குத் தனி விதி வேறு இருக்கிறது. எனக்கும் தோனி பிடிக்கும், ஆனால் கவாஜாவுக்குக் கூடாது, தோனிக்கு மட்டும் கூடும் என்று என்னால் சொல்ல முடியாது தம்பி.

அதற்கு மூன்று மாதம் முன்னால் ராஞ்சியில் இந்திய அணி மொத்தமும் ராணுவத் தொப்பி போட்டு ஆடியது. புல்வாமாவில் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி, ஆட்டச் சம்பளம் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு. போர்டு முன்கூட்டியே கேட்டது, ஐசிசி சரி என்றது. பாகிஸ்தான் எதிர்ப்புத் தெரிவித்தும் ஒன்றும் ஆகவில்லை.

சவுத்தாம்ப்டன் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2014இல் அதே மைதானத்தில் நமக்கு எதிரான டெஸ்டில் இங்கிலாந்து வீரர் மொயீன் அலி காஸாவுக்கு ஆதரவாகக் கைப்பட்டை அணிந்தார். இங்கிலாந்து போர்டு அதைத் தவறாகப் பார்க்கவில்லை, ஆனால் ஐசிசி கழற்றச் சொன்னது. அந்த டெஸ்டில் இங்கிலாந்து வீரர்களின் சட்டையில், காயம்பட்ட ராணுவத்தினருக்கு உதவும் ஒரு அறக்கட்டளையின் சின்னம் இருந்தது. அது ஒட்டுமொத்த அணியும் போட்டது, போர்டு ஏற்பாடு செய்தது.

கேள்வி: மண்டியிடுவதை மட்டும் எப்படி விட்டார்கள்?

அதுவும் அதே சவுத்தாம்ப்டன்தான், 2020 ஜூலை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸால் கொல்லப்பட்ட பிறகு இங்கிலாந்து, வெஸ்ட் இண்டீஸ் இரண்டு அணியும் மண்டியிட்டன, சட்டைக் காலரில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ லோகோவுக்கும் ஐசிசி அனுமதி கொடுத்தது. நல்ல விஷயம். ஆனால் அனுமதி கொடுக்கிற கை உத்தரவும் போடும். 2021 டி20 உலகக் கோப்பையில் ஆட்டத்தன்று காலையில் எல்லோரும் மண்டியிட்டே ஆக வேண்டும் என்று தென்னாப்பிரிக்க போர்டு சொல்ல, டி காக் அந்த ஆட்டத்திலிருந்தே விலகினார், பிறகு மன்னிப்புக் கேட்டு அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். நிறவெறிக்கு எதிராக நிற்பது சரி என்று முழுமையாக நம்புகிறவன் நான், ஆனாலும் உத்தரவு போட்டு ஒருவரை மண்டியிட வைத்தால் அது அவருடைய கருத்து ஆகாது.

கேள்வி: உங்களை அதிகம் பாதித்தது எது?

ஹராரே, 2003 பிப்ரவரி 10. உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு நமீபியாவோடு முதல் ஆட்டம். ஸ்கோர்கார்டைப் பார்த்தால் விஷார்ட் 172 நாட் அவுட் என்றுதான் தெரியும். ஆனால் அன்று ஆண்டி ஃப்ளவர் கையில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு பேட்டிங் ஆட வந்தார், ஹென்றி ஒலோங்காவும் சுற்றியிருந்தார். தங்கள் அன்புக்குரிய ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்துப்போனதற்குத் துக்கம் காட்டுகிறோம் என்ற அறிக்கை ஆட்டம் தொடங்கும் முன்பே நிருபர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதிபர் முகாபே ஆட்சியில், அவர்களுடைய சொந்த நாட்டு மைதானத்தில், இருவரும் இதைச் செய்தார்கள். ஃப்ளவர் வெள்ளையர், அந்நாட்டின் ஆகச் சிறந்த பேட்ஸ்மேன். ஒலோங்கா ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர். வெள்ளையர் மட்டும் செய்திருந்தால் வெள்ளைக்காரன் வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று யோசித்தே இருவராகச் செய்தார்கள்.

ஒலோங்காவை அணியில் ஓரங்கட்டினார்கள், கிளப்பிலிருந்து நீக்கினார்கள், மிரட்டல்கள் வந்தன. அவர் நாட்டை விட்டு வெளியேற முடிந்ததற்கு மழையும் ஒரு காரணம். புலவாயோவில் பாகிஸ்தான் ஆட்டம் மழையில் போனது, அதற்கு முன்பே இங்கிலாந்து ஹராரேக்கு வர மறுத்துப் புள்ளிகளை விட்டுக்கொடுத்திருந்தது. இதனால் ஜிம்பாப்வே அடுத்த சுற்றான சூப்பர் சிக்ஸுக்குப் போனது, அந்த ஆட்டங்கள் தென்னாப்பிரிக்காவில். அங்கே ஓய்வை அறிவித்துவிட்டு இங்கிலாந்து போனார், பல வருடம் கழித்து ஆஸ்திரேலியா. அப்போது அவருக்கு 26 வயது, ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு நல்ல வயது. ஃப்ளவருக்கும் ஜிம்பாப்வே ஆட்டம் அத்தோடு முடிந்தது. 2025இல் ஆர்சிபி கோப்பை வென்றபோது கோச்சாக நின்றாரே, அதே ஆண்டி ஃப்ளவர்தான். பட்டை ஒன்றுதான், ஆனால் இருவரும் கொடுத்த விலை ஒன்றல்ல.

கேள்வி: சேப்பாக்கத்தில் காவிரிக்காக நம்ம வீரர்கள் ஏன் பட்டை கட்டவில்லை?

2018 ஏப்ரல். சிஎஸ்கே வீரர்கள் கறுப்பு பேட்ஜ் அணிந்து ஆடினால் நன்றாக இருக்கும் என்று ரஜினி சொன்னார். யாரும் அணியவில்லை. ஏப்ரல் 10 கொல்கத்தா ஆட்டத்தில் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது, அப்புறம் மீதி ஹோம் ஆட்டங்களைப் புனேக்கு மாற்றிவிட்டார்கள். காவிரிக்காகப் போராடியவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, டெல்டா மாவட்டத்தில் எனக்கும் சொந்தங்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐபிஎல்லுக்காக இரண்டு மாதம் ஆட வந்த ஜடேஜாவும் டுப்ளெஸியும் நமக்காகப் பேச வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர்களே கட்டியிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

கேள்வி: விளையாட்டு வேறு, அரசியல் வேறு. வந்தோமா ஆடினோமா என்று போக வேண்டாமா?

ஐயா, 1971இல் கேப்டவுன் நியூலாண்ட்ஸில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை வீரர்களே ஒரு பந்து வீசிவிட்டு வெளியே நடந்தார்கள். வீசியவர் மைக் ப்ராக்டர். தகுதி இருந்தால் எந்த நிறத்தவரையும் அணியில் எடுங்கள் என்பது கோரிக்கை. கறுப்பினத்தவரை அணிக்குள்ளேயே விடாத நாட்டில் டாஸ் போடும்போதே அரசியல் இருக்கிறது, வீரர்கள் அதைப் புதிதாகக் கொண்டுவரவில்லை.

கேள்வி: சூர்யகுமாருக்கு அபராதம் போட்டது சரியா?

2025 ஆசியக் கோப்பையில் இந்திய கேப்டனாகப் பாகிஸ்தானை வென்று, வெற்றியை ராணுவத்துக்குச் சமர்ப்பித்ததற்கு ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம். அவர் பேசியதற்கு அபராதம் போட்டது எனக்கு ஏற்பில்லை. ஆனால் இன்று அவருக்காக வாதாடுகிறவர்கள் கவாஜாவுக்கும் அதே வாதத்தைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மகன் மாவட்ட அணியில் ஆடுகிறான். ஊர்ப் பிரச்சினைக்காகப் பட்டை கட்டட்டுமா என்று கேட்கிறான். என்ன சொல்வது?

அம்மா, அவனைத் தடுக்காதீர்கள், ஆனால் யாரோ கட்டச் சொல்லிக் கேட்கிறானா, அவனாகக் கேட்கிறானா என்று முதலில் பாருங்கள். பிறகு கேப்டனிடமும் போட்டி நடத்துகிறவர்களிடமும் முந்தின நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். கழற்றச் சொன்னால் என்ன செய்வான் என்பதை அவனே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போகட்டும். நான் நின்ற ஒரு ஆட்டத்தில் தாத்தா இறந்ததற்காகப் பட்டை கட்டி வந்த பையனை, அனுமதி இல்லை என்று அமைப்பாளர் கழற்றச் சொன்னார். நானும் பேசாமல் நின்றுவிட்டேன். பையன் அழுதுகொண்டே ஃபீல்டிங் செய்தான். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.