இரவில் விழும் மாமனார்: முதலில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 77 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எங்களுடன்தான் இருக்கிறார். இரண்டு மாதத்தில் மூன்று முறை விழுந்துவிட்டார். மூன்றும் விடியற்காலையில், கழிவறைக்குப் போகும்போது. நல்லவேளையாக எலும்பு முறிவு இல்லை. கேட்டால், "ஒன்றுமில்லை, வழுக்கிவிட்டது" என்று பேச்சை முடித்துக்கொள்கிறார். ரத்த அழுத்தம், சர்க்கரை, புராஸ்டேட் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், தூக்க மாத்திரையும் உண்டு. "இனி எழுந்திருக்கவே வேண்டாம், டயப்பர் கட்டிவிடலாம்" என்கிறார் என் கணவர். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். நான் வேலைக்குப் போகிறேன். வேலையை விட்டுவிடுவதுதான் வழியா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

முதியோர் நல மருத்துவரின் பதில்:

டயப்பர் வேண்டாம். நடக்கிற மனிதரைப் படுக்கையில் போட்டால் சில வாரங்களிலேயே தொடைச் சதை வற்றிவிடும். அதன்பிறகு அவர் பகலிலும் விழுவார். உங்கள் கணவர் பயத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் ஒரே நேரத்தில், ஒரே காரியத்துக்கு எழும்போது மூன்று முறை விழுந்தவருக்குத் தரை வழுக்கியிருக்க வாய்ப்புக் குறைவு. அவர் உடம்புக்குள் ஏதோ நடக்கிறது.

முதலில் அவரிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "எப்படி விழுந்தீர்கள்?" என்று கேட்டால் வழுக்கியது என்றுதான் சொல்வார். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவருக்கு, கால் நிற்கவில்லை என்று மருமகளிடம் சொல்வது எளிதல்ல. "கால் தடுக்கியதா, தலை சுற்றியதா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, முட்டி மடங்கியதா?" என்று பிரித்துக் கேளுங்கள். எழுந்து எத்தனையாவது அடியில் விழுந்தார் என்பதையும் கேளுங்கள். கட்டிலை விட்டு நாலைந்து அடிக்குள் என்றால், எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது என்ற என் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகும்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. இளம் வயதில் ரத்தக் குழாய்கள் உடனே இறுகி அதை மேலே தள்ளிவிடும். வயதும் பல வருடச் சர்க்கரை நோயும் சேர்ந்தால் அவற்றை இறுக்கும் நரம்புகள் மந்தமாகிவிடும். அதற்கு மேல் ரத்த அழுத்த மாத்திரை. அதற்கும் மேல் புராஸ்டேட்டுக்கு வழக்கமாகத் தரப்படும் டாம்சுலோசின் வகை மாத்திரை; சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் அதே மருந்து ரத்தக் குழாய்களையும் ஓரளவு தளர்த்தும். மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறைந்தால் போதும், மனிதர் சரிந்துவிடுவார்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். மின்னணு ரத்த அழுத்தக் கருவி இருந்தால் போதும். காலையில் அவர் எழுவதற்கு முன், படுத்தபடி ஐந்து நிமிடம் ஓய்வாக இருக்கும்போது அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அளவெடுங்கள். கணவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளட்டும். தலை சுற்றுகிறது என்றால் உடனே உட்காரவைத்துவிடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. உட்கார்ந்த நிலையில் 130/80 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போது விழவில்லை.

அடுத்தது மாத்திரைப் பெட்டி. அதிலிருப்பதை எல்லாம் மேசையில் கொட்டி, அட்டையில் அச்சிட்டிருக்கும் மருந்தின் வேதிப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கம்பெனி வைத்த விற்பனைப் பெயர் நமக்கு வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மருத்துவர் டெல்மிசார்டான் தனியாக எழுதியிருப்பார். வேறொருவர் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் கலந்த மாத்திரை எழுதியிருப்பார். இரண்டுக்கும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். பெரியவர் இரண்டையும் சிரத்தையாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என் புறநோயாளிப் பிரிவில் இது வாரந்தோறும் நடப்பது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வீட்டுக்கு வரும் மாத்திரை ஒரு பக்கமும் தனியார் மருத்துவர் எழுதியது இன்னொரு பக்கமும் இருந்தால், இரண்டையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கிய மாத்திரைகளையும் எழுதுங்கள். அவற்றில் பல மயக்கம் தருபவை. சில, புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரையே அடைத்துவிடும்.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிட்டுவிட்டு, இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறாரா? விடியற்காலையில் சர்க்கரை இறங்கியும் விழலாம். இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்குக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே போனால் உடனே சர்க்கரை கலந்த பால் கொடுத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தூக்க மாத்திரை மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அல்பிரசோலம் போன்றவற்றை வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் பதற்றம், குழப்பம், சில சமயம் வலிப்பே வரும். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மற்ற மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிய தாளையும் அளந்த எண்களையும் ஒரே மருத்துவரிடம் காட்டி, எதை எடுக்கலாம், எதை வேறு நேரத்துக்கு மாற்றலாம் என்று கேளுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறார் என்றால், காலைக்கு மாற்றுவதாலேயே இரவில் எழுவது குறையக்கூடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறார் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் பாதம் மரத்து, தரை பிடிபடாது.

இதற்கிடையில் இன்றிரவே செய்யக்கூடியவை உண்டு. விழித்ததும் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழட்டும். கட்டிலருகே சிறுநீர்க் குடுவை வைத்துவிடுங்கள். முதலில் கூச்சப்படுவார், பிறகு பழகிவிடும். கழிவறைக்குப் போனாலும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். நின்றபடி கழிக்கும்போது மயங்கி விழும் ஆண்கள் பலர். உள்தாழ்ப்பாள் வேண்டாம். சுவரில் துளையிட்டுப் பதித்த கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்தால் அது அவரோடு சேர்ந்து வரும். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிள்ளைகளின் பொம்மைகள் ராத்திரியில் நடைபாதையில் கிடக்கக் கூடாது.

பகலில் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, முடிந்த அளவு. எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். தாத்தா மற்றவர் சொல்லிக் கேட்காததைப் பேரன் சொன்னால் கேட்பார்.

மறுபடி விழுந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் தேய்ப்பதும் நாட்டுக் கட்டும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். இந்த வயதில் அறுவைச் சிகிச்சையா என்று உறவினர்கள் தயங்குவார்கள். சிகிச்சை செய்யாமல் படுக்கவைப்பதுதான் பெரிய ஆபத்து. இரண்டு நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே ஸ்கேன் தேவை. ஏற்கெனவே மூன்று முறை விழுந்திருப்பதால் இன்னும் சில வாரங்கள் கவனியுங்கள். புதிதாகத் தலைவலி, பகல் தூக்கம், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்திருக்கலாம். அதை முதுமை மறதி என்று விட்டுவிடாதீர்கள்.

வேலையை விடும் பேச்சு இப்போது வேண்டாம். அவர் விழுவது விடியற்காலையில், நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் அல்ல. மாத்திரைகளைச் சரிசெய்து ஒரு மாதம் பாருங்கள். அந்த ஒரு மாதம் கணவர் அப்பாவின் அறையில் படுத்துக்கொள்ளட்டும்.